200 கிராம் மைதா எத்தனை கப்? ஒரு ஸ்பாஞ்ச் கேக் குறிப்பைக் கப் அளவுக்கு மாற்றிய விவரம்

எடுத்துக்கொண்ட குறிப்பு: வெண்ணெய் 200 கிராம், காஸ்டர் சுகர் (நுண்மணிச் சீனி) 200 கிராம், செல்ஃப் ரைஸிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்த மைதா) 200 கிராம், முட்டை 4, பால் 2 டேபிள்ஸ்பூன். ஆங்கிலேயர்களின் விக்டோரியா ஸ்பாஞ்ச். முட்டை என்ன எடையோ அதே எடைக்கு மற்ற மூன்றும் என்பதுதான் இதன் கணக்கு. தராசு இருக்கிற வீட்டில் இதைவிடச் சுலபமான கேக் கிடையாது. தராசு இல்லாத வீட்டில், ஒரு கப் செட்டும் ஸ்பூன் செட்டும் மட்டும் வைத்து இதையே செய்யும்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது வேலை.

கேட்டால் வாய்ப்பாட்டுக் கணக்கு போலத்தான் இருக்கும். ஆனால் 200 கிராம் மைதா எத்தனை கப் என்று தேடினால் ஓரிடத்தில் 1⅓ என்று வரும், இன்னோரிடத்தில் 1⅔ என்று வரும். நடுவே 80 மில்லி வித்தியாசம். எழுதிய இருவருமே சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். ஒருவர் கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அள்ளினார், மற்றவர் கரண்டியால் தூவி நிரப்பினார். எப்படி நிரப்பினோம் என்பதை இருவரும் எழுதவில்லை, குழப்பம் அங்கே தொடங்குகிறது.

முதலில் கப்பையே அளக்க வேண்டும்

அமெரிக்கக் கப் 236.6 மில்லி. உணவுப் பொருள் லேபிள்களுக்காக அங்கே அதை 240 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. அந்த ஊர் டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற ஊர்களில் 15. டீஸ்பூன் மட்டும் எங்கும் 5. ஜப்பானியக் குறிப்பில் கப் என்றால் 200. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லிதான், அதை வைத்தே கேக் செய்பவர்களும் உண்டு. எல்லாப் பொருளையும் அதே கப்பால் அளந்தால் பாதிக்கு மேல் தப்பித்துவிடலாம். முட்டையும் பேக்கிங் பவுடரும் அந்தக் கப்பில் ஏறுவதில்லை, அங்கேதான் இடிக்கும்.

இங்கே கடையில் விற்கும் கப் செட்டில் 240 என்றோ 250 என்றோ அச்சிட்டிருக்கும். அச்சை நம்ப வேண்டாம். காய்ந்த கப்பைத் தராசில் வைத்து, சுழியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. நம் ஊர் வெயிலில் தண்ணீரின் அடர்த்தி 0.996 அளவுக்கு இறங்கும், 240-க்கு ஒரு மில்லி வித்தியாசம், விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது விளிம்புக்கு மேலே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்பதை. அப்படிக் குவிந்து நின்றால் சில கிராம் கூடுதலாகக் காட்டும். கண்ணைக் கப்பின் மட்டத்துக்குக் கொண்டுபோய், மேற்பரப்பு தட்டையாக இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

கேக் செய்யப்போகிறவர் வீட்டில் தராசு இல்லை என்றால் மருந்துக்கடையில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். 24 முறை இழுத்து விட்டால் 240 மில்லி. கப் அதற்குள் வழிந்தாலோ, நிரம்பாமல் நின்றாலோ எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்பூன்களுக்கும் இதே சோதனை. வீட்டில் சர்க்கரை டப்பாவில் கிடக்கும் ஸ்பூனை டீஸ்பூன் என்று எடுத்துக்கொள்வதில்தான் பேக்கிங் சோடா தப்பு பெரும்பாலும் நடக்கிறது. அது 3 மில்லியாகவும் இருக்கலாம், 6 மில்லியாகவும் இருக்கலாம். ஸ்பூன் செட் இல்லாதவருக்கு இருமல் மருந்துப் பாட்டிலோடு வரும் 5 மில்லி மூடி எவ்வளவோ மேல்.

இந்தப் பதிவில் கப் என்றால் 240, டேபிள்ஸ்பூன் 15, டீஸ்பூன் 5. அதாவது 1 கப் = 16 டேபிள்ஸ்பூன் = 48 டீஸ்பூன்.

தராசின் குறும்புகள்

அளவு அட்டவணை தயாரிப்பவருக்குத் தராசு இல்லாமல் முடியாது. 5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு போதும். வாங்கியதும் சரிபார்க்க: சிரிஞ்சில் 50 மில்லி தண்ணீர் விட்டால் 50 காட்ட வேண்டும். நாணயத்தாலும் பார்க்கலாம். 2011 வரிசையில் வந்த 5 ரூபாய் நாணயம் 6 கிராம், பத்து வைத்தால் 60. ஆனால் 2019 வரிசையின் 5 ரூபாய் நாணயம் 6.74 கிராம். இரண்டையும் கலந்து வைத்துவிட்டுத் தராசைத் திட்டக் கூடாது.

மின்விசிறிக்கு நேர் கீழே தராசை வைத்தால் அகலமான பாத்திரம் காற்றை வாங்கி எண்ணை ஆட்டும். மேடை சமமாக இல்லாவிட்டாலும், பாட்டரி இறங்கியிருந்தாலும் எண் நிலையாக நிற்காது. இவை கண்ணுக்குத் தெரிகிற கோளாறுகள். தெரியாதது ஒன்று உண்டு. மிகச் சிறிய மாற்றங்களைத் தராசு தானாகவே சுழியத்தில் அமுக்கிக்கொள்ளும். உப்பையோ ஈஸ்ட்டையோ சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் அது கணக்கில் ஏறாது. 3 கிராம் போயிருக்கும், திரையில் 1 இருக்கும். சிறிய கிண்ணத்தில் எடுத்து ஒரே முறையாக வைக்க வேண்டும்.

அடுத்தது, பல தராசுகளில் இருக்கும் மில்லி பொத்தான். அதை அமுக்கினால் தராசு கொள்ளளவை அளப்பதாக நினைத்துக்கொள்வது சகஜம். அது தண்ணீரின் அடர்த்தியை வைத்து எடையை அப்படியே மில்லியாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். மைதாவை வைத்து 240 மில்லி வரும்வரை கொட்டினால் கிடைப்பது 240 கிராம் மைதா, கிட்டத்தட்ட இரண்டு கப். கல்லாட்டம் கேக் வந்தது என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்தப் பொத்தானைப் பற்றித்தான்.

மைதா

மாற்றும் வேலையில் முக்கால் பங்கு சிக்கல் மைதாவில்தான். மாவுத் துகள்கள் நுண்ணியவை, ஒன்றோடொன்று ஒட்டும் குணமுள்ளவை. சீனியைப் போல உருண்டு ஓடிப் போய்த் தங்கள் இடத்தில் உட்காருவதில்லை. தாங்கலாக, நடுவே காற்றை வைத்துக்கொண்டு நிற்கும். லேசாகத் தட்டினாலும் அந்தக் காற்று வெளியேறி மாவு இறங்கும். லாரியில் குலுங்கி வந்த பாக்கெட்டின் அடியில் இருப்பது இறுகிப்போயிருக்கும். மழைக்காலத்தில் ஈரம் வாங்கிக் கட்டி தட்டினால் அது வேறு கணக்கு.

240 மில்லி கப்பில் மூன்று விதமாக நிரப்பிப் பார்த்தால் இப்படி வரும். மாவை டப்பாவில் கரண்டியால் கிளறிவிட்டு, கரண்டி கரண்டியாகக் கப்பில் உதிர்த்து, மேலே குவிந்ததும் கத்தி முதுகால் வழித்தால் 120 முதல் 125 கிராம். கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளி வழித்தால் 140 முதல் 150. சலித்த மாவைக் கப்பில் விழவிட்டு வழித்தால் 110 முதல் 115. ஒரே கப், ஒரே மாவு, 40 கிராம் வரை வித்தியாசம். அள்ளிய கப்பை மேடையில் இரண்டு தட்டுத் தட்டி மறுபடி நிரப்பினால் இன்னும் ஏறும். அரிசிக்குப் படியைக் குலுக்கி அளந்த கைப்பழக்கம் மைதாவிடமும் தன்னை அறியாமல் வந்துவிடும், அதனால் தட்டக் கூடாது என்று தனியே எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

அமெரிக்க சமையல் எழுத்தில்கூட இது தீர்ந்தபாடில்லை. பாஸ்டன் சமையல் பள்ளியை நடத்திய ஃபேன்னி ஃபார்மர் 1896-லேயே தலைதட்டிய கப், தலைதட்டிய ஸ்பூன் என்று வற்புறுத்தினார். குவித்த ஸ்பூன், வட்டமான ஸ்பூன் என்ற குழப்பம் அதோடு குறைந்தது. ஆனால் தலைதட்டுவது மேலே இருப்பதைத்தான் சரிசெய்கிறது, உள்ளே எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அல்ல. இன்றும் கிங் ஆர்தர் மாவு நிறுவனம் ஒரு கப்புக்கு 120 கிராம் என்கிறது, அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன் என்ற சமையல் நிகழ்ச்சி 5 அவுன்ஸ், அதாவது 142 கிராம் என்கிறது. இரண்டு இடத்துக் குறிப்புகளையும் ஒரே அட்டவணையால் மாற்றினால் ஒன்று நிச்சயம் கெடும்.

ஆகவே மாற்றி எழுதும்போது ஒரு நிரப்பும் முறையைத் தேர்ந்து, அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். கரண்டியால் உதிர்த்து வழிப்பதையே இங்கே எடுத்துக்கொண்டது, அதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் குறைவு என்பதால். சலித்து அளப்பது இன்னும் சீராக வரும், ஆனால் தராசு வாங்காதவர் தினமும் சலிக்கப் போவதில்லை. சலிக்க வேண்டுமானால் அளந்த பிறகு சலிக்கட்டும்.

உங்கள் மைதாவுக்கு உங்கள் எண் வேண்டும். ஐந்து முறை நிரப்பி ஐந்து முறையும் நிறுத்து எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் மாவை டப்பாவில் திரும்பக் கொட்டிக் கிளற வேண்டும். அதே கப் மாவையே ஐந்து முறை நிறுத்தால் சோதிக்கப்படுவது தராசு மட்டுந்தான். ஐந்துக்கும் நடுவே 6 கிராமுக்கு மேல் போனால் கை ஒரே மாதிரி நிரப்பவில்லை என்று பொருள், கரண்டியைக் கப்புக்கு ஒரு விரல் உயரத்தில் மட்டும் பிடித்து மறுபடி. சராசரியைக் கப்பின் மில்லியால் வகுத்தால் அடர்த்தி. 125 ÷ 240 = 0.52.

சீனி, பொடித்த சீனி

சர்க்கரை என்ற சொல் ஊருக்கு ஊர் வெள்ளைச் சீனியையும் நாட்டுச் சர்க்கரையையும் குறிப்பதால் இங்கே சீனி என்றே எழுதுவோம். படிகச் சீனி நல்ல பிள்ளை. அள்ளினாலும் கொட்டினாலும் 240 மில்லி கப்பில் 200 கிராமுக்கு அருகிலேயே நிற்கும். நம் கடைச் சீனி மேலைநாட்டுச் சீனியைவிடப் பருமணி, ஆனால் மணி பெரிதாவதால் மட்டும் கப்பின் எடை பெரிதாக மாறாது. மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியின் பங்கு ஏறத்தாழ அப்படியே இருக்கும். ரவையும் இதே ஜாதி, ஒரு கப் 165 கிராம் சுற்றி.

குறிப்பில் காஸ்டர் சுகர் என்றிருக்கிறது. அது படிகச் சீனியைவிட நுண்ணிய மணி, ஆனால் பொடி அல்ல. எல்லாக் கடையிலும் கிடைக்காது. மிக்ஸியில் இரண்டு மூன்று முறை விட்டு விட்டுச் சுற்றினால் போதுமான நுண்மை வந்துவிடும். இங்கேதான் வரிசை முக்கியம். சீனியை ஒரு கப் அளந்து, பிறகு மிக்ஸியில் போட்டு, வருவது முழுவதையும் சேர்க்க வேண்டும். எடை மாறாது. பொடித்துவிட்டு ஒரு கப் அளந்தால், பொடி காற்றை வாங்கிக்கொண்டு 115 முதல் 120 கிராமில் கப்பை நிரப்பிவிடும். 80 கிராம் சீனி காணாமல் போகும்.

"சீனி 1 கப், பொடித்தது" என்பதும் "பொடித்த சீனி 1 கப்" என்பதும் இரண்டு வேறு கேக்குகள். நறுக்கிய முந்திரி, துருவிய தேங்காய், சலித்த மைதா எல்லாவற்றுக்கும் இதே விதி. எழுதும்போது "முதலில் அளந்து, பிறகு பொடிக்கவும்" என்று வினையாகவே எழுதிவிட்டால் சண்டை இல்லை.

பிரவுன் சுகர் அழுத்தி நிரப்பினால் கப்புக்கு 210 முதல் 220, உதிரியாக விட்டால் 150-க்குள். அழுத்துவது என்றால் கப்பைக் கவிழ்த்தால் கப் வடிவத்திலேயே நிற்க வேண்டும், மணல் வீடு போல. நாட்டுச் சர்க்கரை கடைக்குக் கடை ஈரம் மாறுவது, அதற்குப் பொது எண் எதையும் கொடுக்காமல் இருப்பதே நேர்மை.

தராசைவிட ஸ்பூன் ஜெயிக்கும் இடம்

எடைதான் எப்போதும் துல்லியம் என்பவர்கள் பேக்கிங் சோடாவை மறந்துவிடுகிறார்கள். ¼ டீஸ்பூன் சோடா 1.2 கிராம் போல. 1 கிராம் துல்லியமுள்ள தராசில் அது 1 என்று தெரியும், 2 என்றும் தெரியலாம். தலைதட்டிய ¼ டீஸ்பூனின் தவறு அதைவிடக் குறைவு. 5 கிராமுக்குக் கீழே உள்ள எதையும் ஸ்பூனால் அளப்பதே மேல், 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு இருந்தால் தவிர.

தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்கு: பேக்கிங் பவுடர் 4 முதல் 4.6 கிராம், சமையல் சோடா ஏறத்தாழ 5, தூள் உப்பு 6, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3. அமெரிக்கக் குறிப்பில் வரும் கோஷர் உப்பு பெரிய செதில், பிராண்டைப் பொறுத்து டீஸ்பூனுக்கு 3 முதல் 5 கிராம்தான். அதை நம் தூள் உப்பால் ஸ்பூனுக்கு ஸ்பூன் மாற்றினால் கேக் கரிக்கும். பாதி போட்டுப் பாருங்கள்.

பேக்கிங் பவுடர் டப்பாவில் இறுகிப்போயிருந்தால் ஸ்பூனால் கிளறிவிட்டு எடுக்கவும். மூடியின் உள்விளிம்பில் வழிப்பது வசதி.

மற்றவை, வேகமாக

240 மில்லி கப்புக்கு, கிராமில்:

தண்ணீர் 240
பால், தயிர் 247
சமையல் எண்ணெய் 220
வெண்ணெய் 230
தேன் 340
கண்டென்ஸ்டு மில்க் 310
கோகோ பவுடர் 85–100
கார்ன்ஃப்ளவர் 120–125

திரவங்களுக்கு இந்த எண்கள் எந்தக் கையிலும் மாறாது. கோகோவுக்கு மாறும், அது மைதாவைவிட மோசமாகக் கட்டி தட்டும், உடைத்துவிட்டு அளக்க வேண்டும். கார்ன்ஃப்ளவர் என்று நாமும் ஆங்கிலேயரும் சொல்வது சோள ஸ்டார்ச். அமெரிக்கர் அதே பெயரில் சொல்வது நைசாக அரைத்த சோள மாவு. இது அளவுத் தவறு அல்ல, பொருளே மாறிப்போவது.

கண்டென்ஸ்டு மில்க் டின்னில் 400 கிராம் என்றிருப்பதை 400 மில்லியாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். 400 ÷ 1.29 = 310 மில்லி, அதாவது 1¼ கப்பும் 2 டீஸ்பூனும். தேன் அளக்கும் கப்பில் முதலில் எண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாமல் வரும். அவுன்ஸைப் பார்த்தால் ஒரு நிமிடம் நிற்கவும். 8 திரவ அவுன்ஸ் ஒரு கப், 8 எடை அவுன்ஸ் மைதா 227 கிராம், கப்பில் 1.8.

வெண்ணெயைக் கப்பில் அளப்பதைத் தவிர்க்கலாம். குளிர்ந்த வெண்ணெயைத் திணித்தால் அடியில் காற்றுப்பை நிற்கும், உருகியதை ஊற்றினால் சீனியோடு சேர்த்துக் க்ரீம் போல அடிக்க முடியாது. 100 கிராம், 500 கிராம் பாக்கெட்டுகளாகவே கிடைப்பதால் கட்டியை ஸ்கேல் வைத்துப் பங்கிடுவது நேர்வழி. 500 கிராம் கட்டியின் நீளத்தை ஐந்தாகக் கோடு போட்டால் இரண்டு பங்கு 200 கிராம்.

மாற்றியது: முதல் வடிவம்

கணக்கு ஒன்றுதான்: கிராமை அடர்த்தியால் வகுத்தால் மில்லி. பிறகு அந்த மில்லியைக் கையில் உள்ள கப், ஸ்பூன்களாக உடைக்க வேண்டும்.

மைதா: 200 ÷ 0.52 = 385 மில்லி. 1½ கப் 360, மீதி 25 மில்லி. 1½ கப் + 1 டேபிள்ஸ்பூன் + 2 டீஸ்பூன்.

செல்ஃப் ரைஸிங் மாவு என்பது பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மாவு. 120 கிராம் மைதாவுக்கு 1½ டீஸ்பூன் என்ற கணக்கில் 200 கிராமுக்கு 2½ டீஸ்பூன் பேக்கிங் பவுடர்.

சீனி: சரியாக 1 கப்.

வெண்ணெய்: இரண்டு 100 கிராம் பாக்கெட். கப்பில்தான் வேண்டும் என்றால் ¾ கப் + 2 டேபிள்ஸ்பூன்.

முட்டையை எண்ணிக்கையாக விட்டுவிட முடியாது. இங்கிலாந்தின் நடுத்தர முட்டை ஓட்டோடு 53 முதல் 63 கிராம், ஓடு நீக்கி 50 வரும். நம் அக்மார்க் தர வரிசையில் நடுத்தரம் 45 முதல் 52, பெரியது 53 முதல் 59. கடையில் வாங்கும் முட்டை ஓட்டோடு 52 என்று வைத்தால் உள்ளே 46 கிராம், நான்குக்கு 185. குறிப்பு எதிர்பார்ப்பது 200. நுரை வராமல் அடித்துக் கலக்கி ¾ கப் + 1 டேபிள்ஸ்பூன் அளந்தால் 200 கிராம் கிடைக்கும், ஆனால் அதற்கு ஐந்தாவது முட்டையை உடைத்து அதில் மூன்றில் இரண்டு பங்கை ஆம்லெட்டுக்கு ஒதுக்க வேண்டும்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் இப்படி எழுதிக் கொடுத்த குறிப்பை யாரும் செய்ய மாட்டார்கள். செய்தாலும் அந்த 1 டேபிள்ஸ்பூன் 2 டீஸ்பூனை "ஒன்றரைக் கப்புக்குக் கொஞ்சம் மேலே" என்று குவித்துவிடுவார்கள். குவியல் என்று வந்தால் இத்தனை நேரம் பார்த்த துல்லியம் வீண்.

இரண்டாம் வடிவம்

ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக மாற்றித் தனித்தனியாக முழுமையாக்குவதுதான் இந்த வேலையில் எல்லோரும் செய்வது. மைதா கீழே இறங்கும், சீனி மேலே ஏறும், விகிதம் உடையும். அதற்குப் பதிலாக, அளக்கக் கடினமான பொருளைக் கப்பின் முழுக் கோட்டில் உட்காரவைத்து, மற்றவற்றை அதற்கேற்பச் சுருக்கிப் பார்க்கலாம். 1½ கப் மைதா என்றால் 187 கிராம். 200-க்கு 187, பெருக்கு எண் 0.935.

சீனி 187 கிராம். ஒரு கப்பில் 200, ஒரு டேபிள்ஸ்பூன் சீனி 12.5. ஆக 1 கப் நிரப்பி 1 டேபிள்ஸ்பூன் எடுத்துவிட்டால் 187.5.

வெண்ணெய் 187. இரண்டு பாக்கெட்டிலிருந்து 1 டேபிள்ஸ்பூன், 14 கிராம், எடுத்தால் 186. எடுத்ததைத் தட்டுக்குத் தடவிக்கொள்ளலாம்.

முட்டை 187. நம் கடை முட்டை நான்கு, 185. ஐந்தாவது முட்டை வேண்டாம்.

பேக்கிங் பவுடர் 2¼ டீஸ்பூன். பால் 2 டேபிள்ஸ்பூன், இரண்டாவதைப் பதம் பார்த்து.

நான்கு பொருளும் 2 கிராம் வித்தியாசத்துக்குள் ஒரே எடை. இப்படி எல்லாக் குறிப்பும் அழகாக வந்து விழாது. ஆனால் 0.9, 0.95, 1.1 என்று இரண்டு மூன்று பெருக்கு எண்களைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று அருகில் வரும். முட்டையை வைத்துத் தொடங்குவதும் நல்ல வழி, ஏனென்றால் அதை மட்டும் பின்னமாக்க யாருக்கும் பிடிக்காது.

எழுதிக் கொடுத்த வடிவம் இது:

கப் 240 மில்லி. எல்லாம் தலைதட்டி. மைதா கப்பைத் தட்டவோ அழுத்தவோ வேண்டாம்.
மைதா, கரண்டியால் உதிர்த்து நிரப்பி வழித்தது: 1½ கப் (187 கிராம்)
பேக்கிங் பவுடர்: 2¼ டீஸ்பூன்
சீனி: 1 கப்பிலிருந்து 1 டேபிள்ஸ்பூன் நீக்கி, பிறகு மிக்ஸியில் மூன்று சுற்று (187 கிராம்)
உப்பில்லாத வெண்ணெய்: இரண்டு 100 கிராம் பாக்கெட்டிலிருந்து 1 டேபிள்ஸ்பூன் நீக்கி (186 கிராம்)
முட்டை: 4, ஓட்டோடு 50–55 கிராம் உள்ளவை
பால்: 1 முதல் 2 டேபிள்ஸ்பூன்

அடைப்பில் கிராமையும் விட்டுவைத்தது வேண்டுமென்றேதான். நாளைக்கு அவர் தராசு வாங்கினால் மறுபடி பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டியதில்லை.

செய்து பார்க்கும்போது

7 அங்குல வட்டத் தட்டு இரண்டு, 180 டிகிரியில் முன்கூட்டிச் சூடாக்கிய ஓவன், 22 முதல் 25 நிமிடம். வெண்ணெய் விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், பளபளவென்று எண்ணெய் விடக் கூடாது. கோடையில் சமையலறை மேடையில் பத்து நிமிடத்திலேயே அது தாண்டிவிடும். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது திரிந்தது போலத் தெரிந்தால் அளந்த மைதாவிலிருந்தே ஒரு ஸ்பூன் போடலாம், புதிதாக எடுக்கக் கூடாது.

அளவு சரியா என்பதை ஓவனுக்குப் போகும் முன்பே மாவே சொல்லிவிடும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் இரண்டு மூன்று நொடியில் பொத்தென்று விழ வேண்டும். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் மைதா கூடிவிட்டது. கப்பை விட்டு அள்ளியிருந்தால் இதே 1½ கப்பில் 210 முதல் 225 கிராம் போயிருக்கும். இரண்டாவது ஸ்பூன் பாலும் இன்னும் ஒன்றும் சேர்த்தால் அந்த முறைக்கு ஓரளவு சமாளிக்கலாம். சேர்க்காமல் வேகவைத்தால் நடுவில் கோபுரமாக எழும்பி வெடிக்கும், மறுநாள் உதிரும்.

மைதா குறைந்தால் அடையாளம் வேறு. நடுவில் பள்ளம், ஓரத்தில் எண்ணெய்ப் பசை. சலித்த மாவைக் கப்பில் பிடித்தவர்களுக்கு இது நேரும். ஆனால் நடுப்பள்ளத்துக்கு மைதா மட்டும் காரணமாக இருக்காது. சீனி கூடினாலும், பேக்கிங் பவுடர் கூடினாலும், ஓவனைச் சீக்கிரம் திறந்தாலும் பள்ளம் விழும். பிரித்துப் பார்க்க மேற்புறத்தைப் பாருங்கள். சீக்கிரமே கருத்து, விரலில் ஒட்டி, வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சீனி. நாக்கில் கசப்போ சோப்பு வாடையோ இருந்தால் பவுடர். இரண்டும் இல்லாமல் பிசுபிசுத்தால் மைதா. நிறமே ஏறாமல், வெளுத்து, வறண்டு வந்தால் சீனியைப் பொடித்துவிட்டு அளந்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஸ்பாஞ்ச், மஃபின், பிஸ்கட் வரை இந்த வழி தாங்கும். பிரெட்டுக்குத் தாங்காது. 500 கிராம் மைதாவுக்கு 325 மில்லி தண்ணீர் என்பது 65 சதவீதம். அள்ளும் கையால் மைதா 575 ஆகிவிட்டால் அது 56.5 சதவீதமாக இறங்கி, பிசையக் கடினமான கெட்டி மாவாகிவிடும். அப்படிப்பட்ட குறிப்பைக் கேட்பவரிடம் தண்ணீரை மட்டும் அளந்து வைத்துக்கொண்டு, மைதாவைக் கடைசி அரைக் கப் கைவசம் நிறுத்திப் பதம் பார்த்துச் சேர்க்கச் சொல்லலாம். மக்ரோன் போன்றவற்றைக் கப்புக்கு மாற்றிக் கேட்டால் மறுத்துவிடுவது நல்லது.

மைதா பிராண்டு மாறினால் அட்டவணை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டாம். ஒரு கப்பை மூன்று முறை நிறுத்துப் பார்த்து, 125-லிருந்து 5 கிராமுக்கு மேல் விலகினால் மட்டும் மைதா வரியைத் திருத்தினால் போதும்.